தெளிவாக விழுந்த ரேகை

இன்று காலைத் தபாலில் சென்னையிலிருந்து புது மைடப்பா வந்தது. மூடியைப் பேனாக்கத்தியால் நெம்பித் திறந்தேன். ஆளிவிதை எண்ணெயும் கரியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்தேன். தலைவலி என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் போலீஸ் கச்சேரியில் ரைட்டராக இருக்கிறவன், ஒரு மை வாடைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று தெரிந்தால் நீர் சிரிப்பீர். சிரியும். எனக்கு அது வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்துவிட்ட மனிதருக்கு உட்கார்ந்து காகிதம் எழுதுகிறேனே என்று என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அண்ணாச்சிக்கா எழுதுதிய?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உமக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோது உமக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. உம்மைப் பற்றித்தான் எழுதினேன், பக்கம் பக்கமாக, எல்லாம் சர்க்காருக்கு.

நாம் பழகியது ஆற்றில். பாளையங்கோட்டையிலிருந்து என்னை இங்கே மாற்றிப் போட்ட முதல் வாரம். காலையில் குளிக்கப் போன நான் படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாழைத்தோட்டக் காவல் முடிந்து வந்த நீர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர். "ரைட்டரே, ஆறு உம்மக் கடிக்காது வே. பைய இறங்கும்," என்றீர். போலீஸ் உத்தியோகஸ்தனிடம் அப்படிப் பேச அந்த ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அங்கேயேதான் போனேன். அதன்பிறகு எத்தனை காலைகள்! என் வயசுதான் உமக்கும் என்று நீராகவே முடிவு செய்துகொண்டீர், பிறந்த வருஷம் தெரியாமலே.

குளிக்கும்போதெல்லாம் நமக்குள் வழக்குத்தான். ரயிலுக்கும் தந்திக்கும் நான் வக்கீல், நீர் எதிர்க்கட்சி. ஒருநாள் நீர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முன்னெல்லாம் களவாண்டவன் நடந்து போவான், நாங்க தடம் பாத்துப் பின்னால போவோம். இப்ப அவன் காலெடுத்து வைக்கதுக்கு முந்தியே கம்பி ஓடிப்போயிருது. அவனுக்கு அது ஞாயமா வே?" கள்ளனுக்காக வழக்குப் பேசும் காவல்காரரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

தடம் பார்ப்பதில் உமக்கு நிகர் இல்லை. ஈர வரப்பில் பதிந்த பாதத்தைப் பார்த்து, ஆள் எந்த ஊர், தலையில் சுமை இருந்ததா, எந்தக் கால் நொண்டி என்று சொல்லிவிடுவீர். ஒருநாள் உம்மோடு தோட்டத்துக்குள் வந்தேன். ஒரு தார் வெட்டுப்பட்டிருந்தது. வாய்க்கால் ஓரமாகச் சின்னப் பாதங்கள் பளிச்சென்று தெரிந்தன. நீர் குனிந்து பார்த்தீர். பிறகு உம் காலாலேயே ஒவ்வொன்றாக மிதித்து அழித்துக்கொண்டு போனீர். ஏன் அழிக்கிறீர், ஆள் தெரியவில்லையா என்று கேட்டேன். "தெரியுது வே. அதான் அழிக்கேன்," என்றீர். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு உம்மேல் எனக்குக் கொஞ்சம் இளப்பம்கூட வந்தது. கடமை தவறுகிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

சென்னைக்கு அனுப்பி எனக்கு ரேகை வேலை பழக்கினார்கள். மையைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுவது, விரலைப் பக்கவாட்டில் புரட்டி எடுப்பது, சுழி, வளையம் என்று பிரித்து எண்ணுவது. திரும்பி வந்த நான் தரையில் நடக்கவில்லை. உலகத்தில் ஒருவர் விரல்போல இன்னொருவர் விரல் இல்லை என்று படித்துறையில் நின்று உமக்குப் பிரசங்கமே செய்தேன். காலுக்குத் தடம் மாதிரி கைக்கும் தடமா என்று கேட்டுவிட்டு, உம் பெருவிரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

உமக்கு அது பிடித்ததற்குக் காரணம் இருந்தது. வாலிபத்தில் நாங்குநேரிப் பக்கம் நடந்த ஒரு திருட்டில், நெட்டையான ஆள், மீசைக்காரன் என்று யாரோ சொன்னதை வைத்து உம்மைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். உண்மையான கள்ளன் அகப்பட்டு நீர் வெளியே வருவதற்குள் முதுகுத்தோல் உரிந்துவிட்டது. ரேகை மட்டும் அப்போது இருந்திருந்தால் உம்மை யாரும் தொட்டிருக்க முடியாது என்று சொன்னேன். மனசாரச் சொன்னேன். குற்றம் செய்யாதவனுக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை என்றுகூடச் சொன்னேன். நீரும் நம்பினீர்.

அதனால்தான் அந்த உத்தரவு வந்தபோது உம்மிடம் ஓடிவந்தேன். ஊர்க்காவலைச் சர்க்கார் எடுத்துவிட்டது. காவல் பார்த்த குடும்பங்களையே இனிச் சந்தேகக் குடும்பங்களாக ரிஜிஸ்தரில் ஏற்றி, ஆண்கள் எல்லோருடைய பத்து விரலையும் எடுக்க வேண்டும் என்றது. உங்கள் தெருவில் ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள். சாவடி முன்னால் நான் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எதிரே அத்தனை பேரும் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர். "நம்ம ரைட்டரு சொல்லுதாரு. தப்புச் செய்யாதவனுக்கு இதுல என்னலே பயம்?" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினீர். உமக்குப் பின்னால் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் வந்தார்கள்.

உம் விரலில் ரேகை விழவில்லை. வருஷக்கணக்கான வாழைக்கறை காய்ந்து கறுத்து, தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது. முதல் தாளில் கோடே தெரியாமல் வெறும் மை அப்பல். இரண்டாவதிலும் அப்படியே. அந்த அப்பலையே ஒட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டர்கூடப் போதும் என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் ரிஜிஸ்தரில் அழுக்குத் தாள் இருக்கலாமா? மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். புளி வாங்கிவரச் சொன்னேன். உம் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, கறை போகும்வரை நானே தேய்த்தேன். நீர் கூச்சத்தில் நெளிந்தீர். மூன்றாவது தாளில் கோடு கோடாக, முத்து முத்தாக விழுந்தது. பின்னால் பார்வையிட வந்த பெரிய துரை அந்தத் தாளை எடுத்துக்காட்டாக மற்றக் கச்சேரிக்காரர்களுக்குக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். உமக்கும் ஒரு பொட்டலம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா?

அதற்குப் பிறகு நடந்தது உமக்கே தெரியும். விடியும்போது ஓர் ஆஜர், விளக்கு வைக்கும்போது ஓர் ஆஜர். வரிசையில் நின்று, கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் கிராம முன்சீப்பு எழுதி, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். காவலுக்குப் போக முடியாமல் உம் வேலையும் போயிற்று. மேல் அணையிலிருந்து ஏரல்வரை கரையோரம் தன்னிஷ்டத்துக்கு நடந்த மனிதர், பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் சீட்டு வாங்க என் மேஜை முன்னால் வந்து நின்றீர். ஆனாலும் ஒருதரம்கூட, நீர்தானே சொன்னீர் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆற்றுக்கு வருவதை மட்டும் குறைத்துக்கொண்டீர்.

உம் மகளை ஏரலில் கட்டிக்கொடுத்திருந்தீர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மனைவி இல்லாவிட்டாலும் உம் தங்கை பார்த்துக்கொள்ள இருந்தாள். சம்பந்தி வீட்டார் அனுப்ப மாட்டோம் என்றார்கள். ரெண்டு வேளை போலீஸ் வந்து தலை எண்ணுகிற தெருவில் எங்கள் வீட்டுப் பிள்ளை பிறக்கக் கூடாது என்றார்களாம். அப்படியானால் பிறந்த வீட்டுப் பேறுகால மருந்தையும் கருப்பட்டியையுமாவது நீரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆளும் சரியாக இல்லை என்று தகவல் வந்த அன்று சீட்டுக்கு வந்தீர். மனுவை உடனே எழுதினேன். முன்சீப்பு கையெழுத்தும் வாங்கினேன். இன்ஸ்பெக்டர் முகாம் போயிருந்தார், வர மூன்று நாள் ஆகும். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்றேன். நீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினீர்.

மறுநாள் விடியலில் ஆஜருக்கு நின்றீர். அந்திக்கும் நின்றீர். காலெல்லாம் புழுதி, முகம் மட்டும் என்னமோ கல்யாண வீட்டு முகம். எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து சாதாரணமாகக் கேட்டீர். "ஏன் வே, வாழைக்கறை பட்ட விரலுன்னா காகிதத்துல தெளியாதுல்லா?" மற்றவன் எடுத்தால் தெளிவது கஷ்டம்தான், ஆனால் நான் ஒருதரம் நல்லபடியாக எடுத்து வைத்திருக்கிறேன், அரைகுறையாக விழுந்த ரேகையைக்கூட அதோடு ஒத்துப்பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றேன். பெருமை அடித்தேன்! எதற்குக் கேட்கிறார் இந்த மனுஷன் என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை. உம் முகம் மாறியதைக்கூட அந்தி மசங்கலில் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஏரலிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அங்கே ஒரு வீட்டில் சங்கிலி காணோம். அது காணாமல் போன அன்றைக்குத் தோணித்துறையைக் கடந்த அயலூர் ஆண்கள் எல்லோரிடமும் பெருவிரல் வாங்கி, சுற்றுக் கச்சேரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிஜிஸ்தர் ஆள் யாராவது உண்டா என்று பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முகாமிலிருந்து திரும்பி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

என் வழக்கம் ஒன்று உமக்குத் தெரியாது. ஒப்பிடும்போது ரிஜிஸ்தரில் இருக்கும் பெயரை மையொற்றுத் தாளால் மூடிக்கொள்வேன். தெரிந்தவன், தெரியாதவன் என்று கண் சாய்ந்துவிடக் கூடாது என்று நானே ஏற்படுத்திக்கொண்ட நியாயம் அது. எண் மட்டும்தான் மேலே தெரியும். ஏரல் காகிதத்தில் ஒரு ரேகை, கறை படிந்து பாதி அப்பலாக இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது யாரோ ஒருவருடைய பெயர். அதை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனேன். ஒரு தாளில் வந்து நின்றேன். இரட்டைச் சுழி. கோடுகளை எண்ணினேன். இன்னொருதரம் எண்ணினேன். வேட்டையில் மான் அகப்பட்டவன் சந்தோஷம் எனக்கு. "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் உடனே டைரியில் எழுதினார். பிறகுதான் நான் மையொற்றுத் தாளை எடுத்தேன்.

எத்தனை காலை தண்ணீருக்குள் எனக்குக் கைகொடுத்த மனிதர் நீர். அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எண்தான் தெரிந்தது.

தப்பாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது ஐயா, இன்னொருதரம் பார்க்கிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து கண்ணாடியைத் தாமே வாங்கிப் பார்த்தார். அவருக்கே தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாக நான் எடுத்து வைத்திருந்தேனே! கெட்ட மனிதர் அல்ல அவர். நான் காலில் விழாத குறையாகக் கேட்டபோது அவர் முகமும் செத்துத்தான் போயிற்று. "எங் கையில என்ன இருக்கு வே? டைரியில ஏறிட்டு. நாளைக்கு மேல போயிரும்," என்றார்.

உம்மை அழைத்துவந்தபோதுதான் எல்லாம் சொன்னீர். விடியல் ஆஜர் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக ஏரல் போனது, நீர் வாசலில் நிற்கும்போதே உள்ளே பிள்ளை அழுதது, மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது, திரும்பும்போது துறையில் விரல் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு வழியில் வாழை மட்டையைக் கிழித்துத் தேய்த்துக்கொண்டது, மடக்கினதும் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னது. இதற்குள் அந்தச் சங்கிலியும் கிடைத்துவிட்டது. அந்த வீட்டு நெல் குதிருக்குள்ளேயே விழுந்து கிடந்ததாம். திருட்டே இல்லை. ஆனால் எல்லை தாண்டியதும் பொய்ப்பெயர் சொன்னதும் காகிதத்தில் இருந்தன. வரப்பில் பதிந்த தடமாக இருந்தால் ஒரு மழைக்குப் போயிருக்கும், இல்லை யாராவது இரக்கப்பட்டு மிதித்திருப்பார்கள். இது போகவில்லை.

கோர்ட்டில் சாட்சிக்கு என்னைத்தான் போட்டார்கள். வேதபுஸ்தகத்தின்மேல் கை வைத்து, இரண்டும் ஒரே ரேகை என்று சொன்னேன். உம்மைக் கேட்டபோது, "ரைட்டரு பொய் சொல்ல மாட்டாரு எசமான். என் விரலுதான்," என்றீர். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். என் வீட்டுக்காரி வேதக்கோயில் உபதேசியார் மகள், அவள் வாயில் பொய் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா?" என்றாள். வேதத்தின்மேல் சத்தியம் பண்ணிவிட்டா என்று கேட்டேன். "ஆமா," என்றாள். சொல்லியிருந்தாலும் பலன் இருந்திருக்காது, இன்ஸ்பெக்டர் பார்த்தாயிற்று, மேலே இன்னொருவன் பார்ப்பான். இதை நான் அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆறு மாசம் போட்டார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் காவலர்கள் வெற்றிலை போடுகிற நேரத்தில் உம் பக்கத்தில் வந்து நின்றேன். என்ன பேச? மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லவா? நீர்தான் பேச்சை ஆரம்பித்தீர். "பேரனப் பாத்தாச்சு வே. எம் மூக்கு," என்றீர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படித்துறையில் கேலி பண்ணும் அதே குரலில் சொன்னீர்: "அன்னைக்குக் கொஞ்சம் அழுக்காவே எடுத்திருக்கலாம்லா வே." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர். நானும் சிரித்தேன். வண்டி போன பிறகு சாவடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாலாம் மாசம் ஜெயிலில் காய்ச்சல் கண்டு போய்விட்டீர். தகவல் மகளுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வந்தது. இறந்த ஆள் ரிஜிஸ்தரில் உள்ளவர்தானா என்று சரிபார்க்க ஒரு பெருவிரல் ரேகையும் அதோடு வந்தது. நான் ஒப்பிடவில்லை. கண்ணாடியைத் தொடாமலே "சரி" என்று எழுதி அனுப்பினேன். என் உத்தியோகத்தில் நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான். அதனால் உமக்கு ஒரு நன்மையும் இல்லை.

வேலையை விட்டிருக்கலாமே என்று நீர் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று பிள்ளைகள் பாளையங்கோட்டையில் படிக்கிறார்கள். நான் விட்டால் வேறொருவன் வந்து உட்காருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இது உண்மைதான், ஆனாலும் சொல்லும்போது வாய் கசக்கிறது. நேற்றுக்கூட இரண்டு பேருக்கு விரல் எடுத்தேன். இப்போதெல்லாம் கறையைத் தேய்ப்பதில்லை. அப்பலாக விழுந்தால் அப்படியே ஒட்டுகிறேன். தெளிவாக இல்லை என்று மேலேயிருந்து திருப்பி அனுப்புகிறார்கள், மறுபடி எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உம் மகளை ஏரலில் வைத்துக்கொள்ளவில்லை. ஜெயிலில் செத்தவன் மகள் என்று பிள்ளையோடு அனுப்பிவிட்டார்கள். உம் வீட்டில்தான் இருக்கிறாள். வாழைத்தோட்டத்தில் இலை அறுக்கப் போகிறாள். பையனுக்கு உம் மூக்கேதான். தெருவில் ஓடிக்கொண்டே இருப்பான், வீட்டில் தங்குவதில்லை. இங்கே வந்து குடியிருப்பதால் இந்தத் தெருக் கணக்கில்தான் அவனும் வருவான். போன மாசம் ஓர் உத்தரவு வந்தது. ரிஜிஸ்தர் வீடுகளில் இருக்கும் ஆண்பிள்ளைகள் பெயரை இப்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், வயசு வந்ததும் விரல் எடுக்க வேண்டும். உம் வீட்டு வாசலுக்கு நான்தான் போய்ப் பெயரைக் கேட்டேன். அவள் சொன்னாள். உம் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். எழுதிக்கொண்டேன்.

நான் திரும்பி நடந்தபோது பின்னாலேயே தெருமுனைவரை வந்தாள். என்மேல் கோபத்தைக் காட்டுவாள் என்று நின்றேன். காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தலையைக் குனிந்தபடி, "இவனுக்கு எடுக்க நாளு வந்தா, நீங்க எடுக்காதிய ஐயா. வேற ஆளு வந்து எடுக்கட்டும்," என்றாள்.

இந்தச் சரகத்தில் ரேகை எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவளுக்கு அது தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை. "சரிம்மா," என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது எங்கே போனாலும் சுமந்துகொண்டு திரிகிறேன்.